கழிவுநீரில் கன உலோகம்: மூலிகை எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஒரு முலாம் பூசும் பட்டறையின் கழிவுநீரில் நிக்கலும் குரோமியமும் கொஞ்சம் ஈயமும் இருக்கின்றன. வேப்பிலைப் பொடி தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உலோகத்தை எடுத்துவிடும், வெட்டிவேர் நட்டால் போதும் என்றெல்லாம் படித்திருக்கிறீர்கள். இது நடைமுறையில் நடக்குமா, எந்த மூலிகை நல்லது, வேலை முடிந்த செடியை என்ன செய்வது என்பது உங்கள் கேள்வி.

நடக்கும். ஆனால் வழக்கமான சுத்திகரிப்புக்கு, அதாவது காரம் போட்டு உலோகத்தைக் கசடாகப் படிய வைப்பதற்குப் பதிலாக அல்ல. அது முடிந்த பிறகும் நீரில் மிஞ்சி நிற்கும் சொற்ப உலோகத்தைப் பிடிப்பதற்கு. நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். உலோகம் ஒரு தனிமம். எண்ணெயையோ மாவுப்பொருளையோ நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக்கி விட்டுவிடும். நிக்கலை எந்தச் செடியும் வேறொன்றாக மாற்ற முடியாது. நீரிலிருந்து எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நீர் சுத்தமான அளவுக்குச் செடி நஞ்சாகியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

‘மூலிகையைப் பயன்படுத்துவது’ என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, காய்ந்த இலை, பட்டை, விதை ஆகியவற்றைப் பொடித்து நீரில் கலப்பது. இங்கே செடி செத்துப்போனது. நடப்பது வெறும் வேதியியல். இன்னொன்று, உயிருள்ள செடியைக் கழிவுநீரில் வளர்த்து, அதன் வேர் மூலம் உலோகத்தை எடுப்பது. ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது இவற்றில் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பொடியில் கிடைத்த எண்ணைச் செடிக்கு ஏற்றிச் சொல்லும் கட்டுரைகள் நிறைய உலவுகின்றன.

பொடியிலிருந்து ஆரம்பிப்போம். தாவரத்தின் செல்சுவரில் செல்லுலோஸ், லிக்னின், பெக்டின் போன்றவை இருக்கின்றன. அவற்றில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் போன்ற வினைச்செயல் தொகுதிகள் துருத்திக்கொண்டிருக்கும். அவை ஏற்கனவே கால்சியம், மக்னீசியம், ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து வைத்திருக்கும். ஈயம் மாதிரி இன்னும் இறுக்கமாக ஒட்டக்கூடிய அயனி வந்தால் பழையதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் இது ஒரு அயனிப் பரிமாற்றம்தான்.

அப்படியானால் மருத்துவ குணம் எங்கே வருகிறது? நேராகச் சொன்னால், எங்கும் வருவதில்லை. வேப்பிலைக்குக் கசப்பைத் தரும் பொருளோ துளசிக்கு மணத்தைத் தரும் எண்ணெயோ நிக்கலைப் பிடிப்பதில் பெரிய பங்கு வகிப்பதில்லை. மரத்தூள், பழத்தோல், உமி ஆகியவற்றிலும் இதே வேலை நடக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு. கடுக்காய், நெல்லி, கருவேலம் பட்டை, ஆவாரம் பட்டை போன்ற துவர்ப்பான மூலிகைகளில் டானின் நிறைய இருக்கிறது. டானினில் பக்கத்துப் பக்கத்தில் அமைந்த இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் உலோகத்தை இரு பக்கமும் கவ்விக்கொள்ளும். ஆகவே மூலிகைகளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், எது எந்த நோய்க்கு நல்லது என்று பார்க்காதீர்கள், எது துவர்க்கிறது என்று பாருங்கள்.

துவர்ப்பில் ஒரு தலைவலியும் இருக்கிறது. பச்சைக் கடுக்காய்ப் பொடியை நீரில் போட்டுக் கலக்கினால் சிறிது நேரத்தில் நீர் பழுப்பாகிவிடும். டானின் கரைந்து வெளியே வருகிறது. கரைந்த டானின் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நீரிலேயே மிதக்கும், வடிகட்டியில் நிற்காது. நீரின் வேதி ஆக்சிஜன் தேவையும், அதாவது அதிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்க வேண்டிய ஆக்சிஜனின் அளவும், ஏறிவிடும். உலோகத்தை எடுக்கப் போய், கழிவுநீருக்கு இன்னொரு மாசைச் சேர்த்த கதையாகிவிடும். ஃபார்மால்டிஹைடு போட்டு டானினைக் கட்டிவைக்கும் முறை உண்டு. ஃபார்மால்டிஹைடே ஒரு நஞ்சு என்பதால் சிறு பட்டறைகளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இதனால்தான், மூலிகை என்றால் மூலிகைச் சக்கை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மருந்து தயாரிப்பவர்கள் கஷாயம் வடித்த பிறகும், எண்ணெய் காய்ச்சி வடித்த பிறகும் மிஞ்சும் திப்பி இருக்கிறதே, அதுதான் இந்த வேலைக்குச் சரியான பொருள். கரையக்கூடியதெல்லாம் ஏற்கனவே கொதிநீரில் போய்விட்டது. செல்லுலோஸும் லிக்னினும் செல்சுவரோடு ஒட்டிய கொஞ்சம் டானினும் மிச்சம். நல்ல மூலிகையை மருந்திலிருந்து பறித்துக் கழிவுநீரில் கொட்ட வேண்டிய அவசியமும் இல்லை. சக்கையை மறுபடியும் ஒருமுறை கொதிக்க வைத்து, வடிநீர் நிறமில்லாமல் வரும்வரை கழுவி, உலர்த்தி, சலித்து எடுத்துக்கொள்ளலாம். இன்னும் நிலையான பொருள் வேண்டுமென்றால், காற்று புகாமல் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக் கரியாக்கிக்கொள்ளலாம். கரியிலிருந்து கரிமப் பொருள் கரைந்து வருவது வெகுவாகக் குறையும்.

அடுத்து அமிலத்தன்மை. இந்தத் துறையில் பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. அதை அளக்கும் எண் பிஹெச்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். பிஹெச் மிகக் குறைவாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகள் எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளும், உலோகத்துக்கு இடமிருக்காது. ஈயம், செம்பு, காட்மியம் ஆகியவற்றுக்குப் பொதுவாகப் பிஹெச் 5 முதல் 6 வரை நன்றாக வேலை செய்யும். அதற்கு மேலே ஏற்றினால் உலோகம் கரையாத ஹைட்ராக்சைடாகத் தானாகவே வீழ்படிவாக, அதாவது திடப்பொருளாகப் பிரிந்து படிய, ஆரம்பிக்கும். பிஹெச் 8-இல் 99 சதவீதம் நீங்கியது என்று ஒரு கட்டுரை சொன்னால், அது மூலிகை செய்த வேலையா, பிஹெச்சை ஏற்றப் போட்ட காரம் செய்த வேலையா என்று கேளுங்கள். பொடி போடாமல் பிஹெச்சை மட்டும் ஏற்றிப் பார்த்த ஒப்பீட்டுச் சோதனை இல்லாவிட்டால் அந்த 99-ஐ நான் நம்புவதில்லை.

எல்லா உலோகமும் ஒரே மாதிரி ஒட்டுவதும் இல்லை. பெரும்பாலான தாவரப் பொடிகளில் ஈயம் முதலிடம், பிறகு செம்பு, அப்புறம் காட்மியம், துத்தநாகம், கடைசியில் நிக்கல். உங்கள் பட்டறைக்கு இது கெட்ட செய்தி. உங்களிடம் கொஞ்சமாக இருக்கும் ஈயம் நன்றாக ஒட்டும்; அதிகமாக இருக்கும் நிக்கல் ஒட்டத் தயங்கும். இரண்டும் ஒரே நீரில் இருந்தால் ஈயம் நிக்கலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

குரோமியத்தின் கதையே வேறு. முலாம் தொட்டியிலிருந்து வருவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். சுருக்கமாக, குரோமியம் ஆறு. இது நேர்மின் அயனியாக இருப்பதில்லை, குரோமேட் என்ற எதிர்மின் அயனியாகத்தான் நீரில் இருக்கும். அதனால் ஹைட்ரஜன் அயனிகள் ஒட்டிப் பொடி நேர்மின் சுமை பெறும் பிஹெச் 2 வாக்கில்தான் பொடி இதை நன்றாகப் பிடிக்கிறது. ஈயத்துக்கு நேர் எதிர். இதைக் கண்ணால் பார்க்கலாம். மஞ்சளாக இருக்கும் குரோமேட் கரைசலை அமிலமாக்கி, துவர்ப்பான பட்டைப் பொடியைப் போட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்தால் மஞ்சள் மெல்ல வெளிறி, ஒரு கட்டத்தில் முற்றிலும் மறைந்துவிடும். டைபீனைல்கார்பசைடு என்ற வினைப்பொருளைச் சேர்த்தால், குரோமியம் ஆறு இருக்கும் நீர் ஊதாச் சிவப்பாக மாறும். இந்த நீரில் இப்போது எந்த நிறமும் வராது. சோதனை ‘இல்லை’ என்று சொல்லும். ‘முழுவதும் நீங்கியது’ என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள்.

உண்மையில் நடந்தது வேறு. பட்டையிலுள்ள ஃபீனால் பொருள்கள் குரோமியம் ஆறை ஒடுக்கிக் குரோமியம் மூன்றாக மாற்றிவிட்டன. அந்த வினைப்பொருள் குரோமியம் மூன்றைக் காட்டாது. அதே நீரை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் வைத்து மொத்தக் குரோமியம் எவ்வளவு என்று பார்த்தால், கணிசமான பங்கு நீரிலேயே இருப்பது தெரியும். பிஹெச் 2-இல் நேர்மின் அயனியான குரோமியம் மூன்றைப் பொடியால் சரியாகப் பிடிக்க முடியாது. இதை மோசம் என்று சொல்ல மாட்டேன். குரோமியம் ஆறு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, குரோமியம் மூன்று அதைவிட வெகுவாகக் குறைந்த நச்சுள்ளது. ஆனால் இது பாதி வேலைதான். இதற்குப் பிறகு பிஹெச்சை 8 முதல் 9 வரை ஏற்றி ஹைட்ராக்சைடாக வீழ்த்தினால்தான் குரோமியம் நீரை விட்டுப் போகும். பட்டறைகள் பல காலமாக சோடியம் பைசல்பைட்டை வைத்துச் செய்யும் அதே இரண்டு படிகள்தான் இவை. முதல் படியில் மட்டும் பைசல்பைட்டுக்குப் பதில் பட்டைப் பொடி. இலை, பட்டைச் சாறுகளால் தயாரிக்கும் இரும்பு நுண்துகள்கள் குரோமியத்தை நீக்குகின்றன என்று வரும் ஆய்வுகளிலும் அடியில் இருப்பது இந்த ஒடுக்கம்தான்.

அமிலம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகரக் கூடாது. உங்கள் பட்டறையில் சயனைடு தொட்டி இருந்தால், அதன் கழுவுநீரும் குரோமியக் கழுவுநீரும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. சயனைடு நீரில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், ஆளைக் கொல்லும். குரோமியத்துக்காக எந்த நீரைப் பிஹெச் 2-க்கு இறக்குவதானாலும், அதில் சயனைடு இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் இறக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனித் தொட்டி வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஆய்வகத்தில் பொடியின் திறனைக் கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். ஒரு பரப்பில் எவ்வளவு ஒட்டும் என்று கணிக்கும் லாங்மியர் சமன்பாட்டில் பொருத்தி எடுத்த உச்ச எண் அது. பொடி முழுவதும் நிரம்பி வழியும்போது எவ்வளவு பிடித்திருக்கும் என்பதுதான் அதன் பொருள். காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு உலோக உப்பைக் கரைத்துக் கண்டுபிடித்தது. நிஜக் கழிவுநீரில் கால்சியமும் சோடியமும் போட்டிக்கு நிற்கும். முலாம் குளியலில் போட்ட சிட்ரேட், அம்மோனியா, ஈடிடிஏ போன்றவை உலோகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. ஆகவே ஆய்வகத்தில் 40 என்று வந்தால் தொட்டியில் 15 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

தினமும் 10,000 லிட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 50 மில்லிகிராம் நிக்கல் என்றால் ஒரு நாளைக்கு 500 கிராம் நிக்கல். கிராமுக்கு 15 மில்லிகிராம் பிடித்தால் தினம் 33 கிலோ பொடி வேண்டும். வருடத்தில் 300 நாள் வேலை என்றால் சுமார் 10 டன். அந்த 10 டன்னும் நிக்கல் ஏறிய நச்சுக் கழிவு. இதே 500 கிராம் நிக்கலைக் காரம் போட்டு வீழ்த்தினால் கிடைக்கும் நிக்கல் ஹைட்ராக்சைடின் உலர் எடை 800 கிராம்கூட இராது. சுண்ணாம்பு, மற்ற உப்புகள் எல்லாம் சேர்ந்து கசடு சில மடங்கு கூடினாலும் 33 கிலோவுக்குப் பக்கத்தில் வராது. இயற்கை வழி என்று நினைத்துக் கழிவைப் பெருக்கியதுதான் மிச்சமாகும்.

சரி, அதே நீரை முதலில் காரம் போட்டு வீழ்த்தி, லிட்டருக்கு 1 மில்லிகிராம் நிக்கல் மிஞ்சிய நிலையில் பொடிக்கு அனுப்பினால்? இப்போது பிடிக்க வேண்டியது நாளொன்றுக்கு 10 கிராம்தான். செறிவு குறையும்போது பொடியின் திறனும் குறையும் என்பதால் கிராமுக்கு 5 மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்ளலாம். தினம் 2 கிலோ பொடி. இது கையாளக்கூடிய அளவு. வீழ்படிவு முறை திணறுவதும் இந்தக் குறைந்த செறிவில்தான். கடைசி ஒரு மில்லிகிராமை இறக்குவதற்காகக் காரத்தை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கும். மூலிகைச் சக்கைக்கு நியாயமான இடம் இதுதான் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எப்படிப் பயன்படுத்துவது என்றால், தொட்டியில் கொட்டிக் கலக்குவதைவிடக் குழாயில் நிரப்பி நீரை ஓடவிடுவது மேல். மாவாக அரைத்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையுள்ள துகள் போதும். இரண்டு குழாய்களை வரிசையாக வைத்து, முதல் குழாயிலிருந்து உலோகம் கசிய ஆரம்பித்ததும் அதை எடுத்துவிட்டு, இரண்டாவதை முதலாவது இடத்துக்கு நகர்த்தலாம். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினால் ஒட்டிய உலோகம் கழன்று வரும். பொடியை மறுபடி பயன்படுத்தலாம். சில சுற்றுகளுக்குப் பிறகு அமிலம் பொடியையே அரித்துவிடும். கழுவிய அமிலத்தில் செறிவாக நிக்கல் இருக்கும். அதை முதல் கட்டத் தொட்டிக்கே திருப்பி அனுப்பிவிடலாம். பழைய வீழ்படிவுத் தொட்டி வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இந்த யோசனை புதிதல்ல. 1980களிலும் 1990களிலும் பாசி, சதுப்பு நிலத்தில் மட்கிக் கிடக்கும் பீட் பாசி முதலியவற்றிலிருந்து செய்த உறிஞ்சிகள் அல்காசார்ப், பயோஃபிக்ஸ் என்ற பெயர்களில் வந்தன. தொழில்நுட்பம் வேலை செய்தது. ஆனாலும் இதே வேலைக்கென்று தொழிற்சாலையில் செய்யும் அயனிப் பரிமாற்றப் பிசின்களோடு போட்டியிட்டுச் சந்தையில் நிற்க முடியவில்லை. பிசின் ஒவ்வொரு மூட்டையும் ஒரே மாதிரி இருக்கும். இலையும் பட்டையும் பருவத்துக்குப் பருவம், மண்ணுக்கு மண் மாறும்.

முருங்கை விதையையும் தேற்றான் கொட்டையையும் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். இரண்டும் கலங்கிய நீரைத் தெளிய வைக்கும். முருங்கை விதையில் நேர்மின் சுமை கொண்ட சிறு புரதம் ஒன்று இருக்கிறது. எதிர்மின் சுமையோடு மிதக்கும் களிமண் துகள்களை அது ஒன்றாகத் திரட்டிக் கீழே இறக்கும். ஆனால் தெளிவது வேறு, உலோகம் போவது வேறு. துகளோடு ஒட்டியிருக்கும் உலோகம் துகளோடு இறங்கும். கரைந்திருக்கும் நிக்கல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கண்ணாடி மாதிரித் தெளிந்த நீரில் நஞ்சு நிறைய இருக்க முடியும். வீழ்படிவுத் தொட்டியில் சரியாகப் படியாமல் மிதக்கும் ஹைட்ராக்சைடுத் துகளை இறக்க, படிகாரத்தோடு கொஞ்சம் முருங்கை விதைப் பிண்ணாக்கையும் முயன்று பார்க்கலாம். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கிலும் அந்தப் புரதம் இருக்கும்.

இனி உயிருள்ள செடிக்கு வருவோம். வேரை நீரில் தொங்கவிட்டு உலோகத்தை எடுக்கும் வேர்வடிகட்டல் முறை 1990களில் பேசப்பட ஆரம்பித்தது. செர்னோபில் அணு உலை விபத்தால் மாசுபட்ட குளத்தில் சூரியகாந்தியை மிதவையில் வளர்த்துக் கதிரியக்கச் சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் எடுத்த சோதனைதான் அதில் பெயர் பெற்றது. மூலிகைகளில் வெட்டிவேர், வல்லாரை, நீர்ப்பிரமி, வசம்பு ஆகியவை உலோகத்தைச் சேர்த்துவைக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். உலோகம் உள்ளே போனதும் செடி பைட்டோகெலாட்டின் என்ற கந்தகம் மிகுந்த சிறு புரதங்களை உண்டாக்கி, காட்மியம் போன்றவற்றைக் கட்டி, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற சேமிப்புப் பைக்குள் அடைத்துவிடுகிறது. தன்னைக் காத்துக்கொள்ள அது செய்யும் ஏற்பாடு நமக்குப் பயன்படுகிறது.

இவற்றில் எனக்குப் பிடித்தது வெட்டிவேர்தான். அமிலமும் உவர்ப்பும் உலோகமும் மற்ற செடிகளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் தாக்குப்பிடிக்கும். வேர் பல மீட்டர் நீளம் போகும். எடுத்த உலோகத்தில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொண்டு, மேலே இலைக்குக் குறைவாகவே அனுப்பும். இதைச் சிலர் குறை என்பார்கள், அறுவடை செய்து அகற்றுவது கடினம் என்று. மிதவையில் வளர்த்தால் வேரையும் சேர்த்தே தூக்கிவிடலாம். இலையில் உலோகம் குறைவு என்றால் அந்த இலையைத் தின்ன வரும் ஆடுமாடுகளுக்கும் ஆபத்து குறைவு. இருந்தாலும் வேலி போடாமல் விடாதீர்கள்.

செடிக்கும் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். உலர் எடையில் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் நிக்கல் சேர்க்கும் செடி கிடைத்தால் அது பெரிய விஷயம். சாதாரணச் செடியிலிருந்து மிகைச் சேர்ப்பானை, அதாவது உலோகத்தை அளவு மீறிச் சேர்க்கும் செடியை, பிரிக்கும் எல்லையாக நிக்கலுக்கு வைத்திருப்பதே அந்த எண்தான். அப்படியொரு செடியை வைத்தே தினம் 500 கிராம் நிக்கலை எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளும் 500 கிலோ உலர்ந்த செடி, அதாவது ஏறக்குறைய 5 டன் பச்சைச் செடி அறுவடையாக வேண்டும். நடக்காத காரியம். வீழ்படிவுக்குப் பிறகு மிஞ்சும் 10 கிராமுக்கு மட்டும் என்றால் தினம் 10 கிலோ உலர் எடை. ஹெக்டேருக்கு வருடம் 20 டன் உலர் விளைச்சல் கிடைத்தால் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான பரப்பு போதும். இடம் இருந்தால் யோசிக்கலாம்.

இந்தக் கணக்கில் செடியை மட்டும் வைத்துப் பேசினேன். நாணலும் சம்பும் வெட்டிவேரும் நட்ட ஈரநிலத்தில் உண்மையில் பெரும்பகுதி உலோகத்தைப் பிடிப்பது செடியின் உடம்பு அல்ல. வேரைச் சுற்றியுள்ள சேறு. நீர்ச்செடியின் வேரைப் பிடுங்கிக் கழுவிப் பாருங்கள். பல நேரம் துருப்பிடித்த கம்பி மாதிரி செம்பழுப்புப் பூச்சு இருக்கும். காற்றில்லாத சேற்றில் வேர் கசியவிடும் ஆக்சிஜன், அங்கே கரைந்திருக்கும் இரும்பைத் துருவாக்கித் தன்மேல் படிய வைக்கிறது. அந்தத் துரு ஆர்சனிக்கையும் ஈயத்தையும் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தள்ளி, ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில், நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சல்பைடாக்குகின்றன. நிக்கலும் துத்தநாகமும் அங்கே கரையாத சல்பைடாக உறைந்துவிடும். செடி இதற்கெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிறது. நீர் வற்றிச் சேறு காய்ந்து காற்றுப் பட்டால் சல்பைடு மறுபடி கரைய ஆரம்பிக்கும். ஆகவே இந்தக் குட்டையை வறள விடக் கூடாது.

இந்தத் தலைப்பில் என்னை மிகவும் உறுத்துவது இனி சொல்லப்போவதுதான். உலோகத்தை நன்றாக இழுக்கும் நீர்ப்பிரமியும் வல்லாரையும் வசம்பும் மனிதர்கள் உள்ளே சாப்பிடும் மருந்துகள். உலகச் சுகாதார நிறுவனம் மூலிகை மூலப்பொருள்களுக்குச் சொல்லியிருக்கும் வரம்பு, கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், காட்மியம் 0.3 மில்லிகிராம். கழிவுநீர்க் குட்டையில் வளர்ந்த செடியில் ஈயம் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் இருந்தால் அது வரம்பைப் போல நூறு மடங்கு. பார்வைக்குப் பச்சைப்பசேலென்று, நன்றாக வளர்ந்த வல்லாரையாகத்தான் இருக்கும். காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் ஈயம் எங்கும் போகாது. யாராவது பறித்துக்கொண்டு போய் விற்றுவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் கழிவுநீர்க் குட்டையில் உண்ணும் மூலிகையை நடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாணல், சம்பு போன்ற, யாரும் பறித்துத் தின்னாத செடிகளும் அந்த வேலையைச் செய்யும். மூலிகைதான் வேண்டுமென்றால் வெட்டிவேர். நீராவியில் காய்ச்சி எடுக்கும் நறுமண எண்ணெயோடு உலோகம் பெரும்பாலும் வருவதில்லை என்று லாவெண்டர், புதினா போன்ற செடிகளில் கண்டிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் வெட்டிவேர் எண்ணெய் எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் வேர் நச்சுக் கழிவுதான். அது விசிறியாகவோ குடிநீர்ப் பானைக்குள்ளோ போய்விடக் கூடாது.

சரி, வேலை முடிந்த பொடியையும் செடியையும் என்ன செய்வது? உரமாக்கக் கூடாது, உலோகம் வயலுக்குப் போகும். சாண எரிவாயுக் கலனில் போட்டால் வாயு வரும், உலோகம் கழிவுக் குழம்பில் தங்கிவிடும். திறந்த வெளியில் எரிப்பது எல்லாவற்றையும்விட மோசம். பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும், ஆர்சனிக் 615 டிகிரி வாக்கில் ஆவியாகும், காட்மியம் 767 டிகிரியில் கொதிக்கும். நீரில் இருந்த நஞ்சைக் காற்றில் தூவிய மாதிரி ஆகிவிடும். குரோமியம் ஆவியாகாது, சாம்பலில் நிற்கும். ஆனால் காரச் சாம்பலில் காற்றோடு சூடாகும்போது குரோமியம் மூன்று திரும்பவும் குரோமியம் ஆறாக மாறக்கூடும். பாடுபட்டு ஒடுக்கியது வீண். புகை வடிகட்டி உள்ள எரியுலையில் எரிக்கலாம், அல்லது உலர்த்தி, வீழ்படிவுக் கசடோடு சேர்த்து, நச்சுக் கழிவுக்கென்று அனுமதி பெற்ற புதைகுழிக்கு அனுப்பலாம். உங்கள் பட்டறைக் கசடு ஏற்கனவே அங்கே போகிறது என்றால் தினம் 2 கிலோ பொடி கூடுதல் சுமை அல்ல. அங்கே அனுப்ப வழியே இல்லை என்றால் மூலிகை முறையைத் தொடாதீர்கள்.

செய்து பார்ப்பதென்றால் உங்கள் பட்டறை நீரிலேயே செய்து பாருங்கள். ஆய்வுக் கட்டுரையின் நீர் உங்களுடையதல்ல. வீழ்படிவுத் தொட்டியைத் தாண்டி வரும் நீரை எடுத்து, பிஹெச்சை 6-க்குக் கொண்டுவந்து, மூன்று குடுவையில் பிரித்துக்கொள்ளுங்கள்; நான்காவதாக ஒரு குடுவையும் வேண்டும். ஒன்றில் எதுவும் போட வேண்டாம். இரண்டாவதில் கழுவி உலர்த்திய சக்கை. மூன்றாவதில் அதே எடைக்குச் சாதாரண மரத்தூள், அதே மாதிரிக் கழுவியது. நான்காவதில் உங்கள் நீருக்குப் பதில் உலோகமே இல்லாத காய்ச்சி வடித்த நீரும் அதே அளவு சக்கையும். மூலிகை தன்னோடு உலோகத்தைக் கொண்டுவந்திருக்கிறதா என்பது இதில் தெரியும். இரண்டு மணி நேரம் ஒரே வேகத்தில் குலுக்கி, வடிகட்டி, மொத்த நிக்கல், மொத்தக் குரோமியம், ஈயம், வேதி ஆக்சிஜன் தேவை ஆகிய நான்கையும் நான்கு குடுவையிலும் அளக்கச் சொல்லுங்கள். முடிந்தபோது பிஹெச் எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 8-ஐத் தாண்டியிருந்தால் அந்த முடிவைத் தள்ளிவிட்டு மறுபடி செய்யுங்கள். முதல் குடுவைக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம்தான் சக்கையின் வேலை. மூன்றாவதும் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டினால் மரத்தூளையே வாங்கிக்கொள்ளுங்கள், மலிவாகக் கிடைக்கும்.